பழைய ரயில் நிலையக் கட்டடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நிலையக் கட்டடம், நடைமேடைக் கூரை, கைகாட்டி மரம் (பழைய சிக்னல் கம்பம்), காட்சிக்கான தண்டவாளம் ஆகிய நான்கு வேலைகளும், ஒரு சுவரின் வெள்ளையடிப்பு தவிர, முடிந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கு தனியே வருகிறது. என்ன செய்தோம், எதை ஏன் செய்யாமல் விட்டோம், இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பதே இந்த அறிக்கை.

இந்தக் கட்டடத்தின் எல்லா நோய்க்கும் மூலம் தண்ணீர்தான். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. ஓதம் ஏறுகிறது என்று பிற்காலத்தில் அடிச்சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறும் ஈரத்தைக் காரை வழியாக வெளியே விட்டு உலர்ந்துகொள்ளும். சிமெண்ட் அந்த வழியை அடைத்ததால் ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி உலர்ந்து, அங்கே உப்பை விட்டுவிட்டது. உப்புப் பூத்த இடத்தில் எல்லாம் செங்கல் முகம் பொரிந்து உதிர்ந்திருந்தது.

சிமெண்டை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு கையாலேயே எடுத்தோம். மின்சார இயந்திரம் வைத்தால் காரையோடு செங்கல்லின் ஓரமும் போய்விடும். செங்கல்களுக்கு இடையிலுள்ள 10 மி.மீ. அகல இணைப்புகளை 20 முதல் 25 மி.மீ. ஆழம் வரை சுரண்டி, தூசி ஊதி, முந்தின நாளே சுவரை நனைத்தோம். உலர்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிக்கொண்டால் காரை மாவாகவே நின்றுவிடும். கலவை, நீற்றி மூன்று மாதம் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சொரசொரப்பான மணல் மூன்று பங்கு. மணலைக் கண்ணாடிப் புட்டியில் நீரோடு குலுக்கிப் பார்த்து, மேலே வண்டல் தடிப்பாகப் படிந்த லோடுகளைத் திருப்பி அனுப்பினோம். அடைத்த இடத்தை ஈரச் சாக்கால் ஒரு வாரம் மூடி வைத்தோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கித்தான் இறுகும். அதற்கு ஈரம் வேண்டும். வெயில் பட்ட மேற்குச் சுவரில் சாக்கு காய்ந்துபோன ஒரு பகுதி முழுவதும் விரலால் தேய்த்தாலே கொட்டியது. அதைப் பிரித்து மறுபடி செய்தோம்.

கரிப்புகை படிந்த முகப்பை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. சூளையில் வெந்து இறுகிய மேல்தோல்தான் செங்கல்லுக்குக் காப்பு. அது போனால் மழைநீர் நேரே உள்ளே போகும். மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதுமாக இருந்தன. மிச்சமிருக்கும் கருமை நீராவி எஞ்சின் காலத்தது, அது இருக்கட்டும்.

கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களான கைகளின் நுனிகள், சுவரில் பதியும் இடத்தில் மட்டும், மக்கியிருந்தன. நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே இன மரத்தைச் சாய்வு ஒட்டாக (இரு முனைகளையும் சரிவாகச் சீவிப் பொருத்தி) சேர்த்து, துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் போட்டோம். ஒட்டின் நீளம் மரத்தின் ஆழத்தைப் போல மூன்று மடங்கு. ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டிய எந்த மரத்தையும் மூடவில்லை.

அதிக நாள் பிடித்தது நடைமேடையின் வார்ப்பிரும்புத் தூண்கள். இவை உள்ளே குழலாக இருந்து கூரை நீரையும் கீழே இறக்குபவை. இலை அடைத்து நீர் தேங்கியதால் உட்புறம் துருவேறி, ஒரு தூணில் நெடுக்காக விரிசல். வார்ப்பிரும்பைச் சாதாரணமாக வெல்டிங் செய்தால் ஆறும்போது பக்கத்திலேயே புது விரிசல் விடும். அதனால் விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு, இரு பக்கத்தையும் பிணைக்கும் உலோகச் சாவிகளை அடித்து, சூடேற்றாமல் குளிர்த் தையலாகத் தைத்தோம். ஒவ்வொரு தூணுக்குள்ளும் தனிக் குழாய் இறங்கியிருக்கிறது. இனி மழைநீர் இரும்பைத் தொடாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருந்தது. உலர்வாக உப்புத்தாள் போடவே இல்லை. நனைத்துச் சுரண்டி, சுரண்டலை மூடிய பையில் சேர்த்தோம். டிக்கெட் ஜன்னலின் வலப்பக்கச் சட்டத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு பூச்சையும் படிப்படியாகத் திறந்து விட்டிருக்கிறோம். மேலே சாம்பல், அதன் கீழ் பச்சை, பிறகு காவி, கடைசியில் வெறும் மரம். ஜன்னலுக்கு இப்போது அடித்திருப்பது அந்தக் காவிதான்.

மரவேலைக்கு ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளைக் கசக்கிக் குவிக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீர் வாளியில் போடுங்கள்.

காட்சித் தண்டவாளம் 36 மீட்டர், 60 செ.மீ.க்கு ஒன்றாக 61 ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்). முதலில் இணைப்புகளை இடைவெளியின்றி இறுக்கிவிட்டோம். கோடையில் தடம் பக்கவாட்டில் நெளிந்தது. 12 மீட்டர் எஃகு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 6 மி.மீ. நீளும். இப்போது இணைப்புக்கு இணைப்பு அந்த இடம் விட்டிருக்கிறது. பழைய ஸ்லீப்பர்கள் கிரியோசோட் (மரம் மக்காமலிருக்க ஊட்டும் நச்சுத் தார் எண்ணெய்) ஊறியவை என்பதால் குழந்தைகள் உட்காரும் இடத்தில் ஒன்றுகூட வைக்கவில்லை.

கைகாட்டியின் எதிர் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. நெம்புகோல் இழுக்கக் கனமாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் நெம்புகோலிலிருந்து வரும் கம்பி அறுந்தால் சிக்னல் கையைத் தானே ‘நில்’ நிலைக்குக் கொண்டுபோவது அந்த எடைதான். பார்வையாளருக்கு முதலில் காட்ட வேண்டியதும் அதுவே.

தடித்த அட்டை டிக்கெட்டுகள், இங்கிலாந்தின் ரயில் நிலைய ஊழியர் தாமஸ் எட்மண்ட்சன் 1830களில் தொடங்கிய முறையில் வரிசை எண் அச்சிட்டவை, 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் படாத பெட்டியில் இருக்கின்றன. சுவரில் மாட்டியிருப்பவை நகல்கள்.

மழைக்காலத்துக்கு முன்பும், மழையின் நடுவில் ஒருமுறையும், தூண்களின் மேல்வாயில் இலை அள்ள இரண்டு பேர் வேண்டும். வடக்குச் சுவரின் உட்பக்கத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை, உப்பு வந்துகொண்டிருக்கிறது. அதை உலர்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் ஏந்துங்கள், ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அங்குள்ள காட்சிப் பெட்டிகள் சுவரைவிட்டு 10 செ.மீ. தள்ளியே நிற்க வேண்டும்.