மூட்டை விலைய மட்டும் பாத்து அரிசி வாங்குற காலம் போச்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கேட்டரிங் கிச்சன்ல பர்ச்சேசிங் பாக்குறேன், வெளிநாட்டுல இருந்து வேலைக்கு வந்து டார்மிட்டரில தங்கியிருக்கிற தம்பிங்களுக்கு மூணு வேளையும் சாப்பாடு போற கிச்சன், அதனால பொன்னி புழுங்கல் இல்லாம எங்களுக்கு ஒருநாள் ஓடாது. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிய நிறுத்துச்சு, புழுங்கலுக்குத் தடை இல்லையேன்னு நாங்க மூச்சு விடுறதுக்குள்ள ஆகஸ்ட்ல அதுக்கும் 20 சதவீத வரி போட்டுட்டாங்க. எங்களுக்கு இருந்தது ஒரே சப்ளையர், பல வருஷமா அவர்தான் விலை கம்மி, அந்த வாரம் ரேட் கேட்டா "நாளைக்கு சொல்றேன்"னு சொல்லியே நாள ஓட்டினாரு. அவசரத்துக்கு வேற நாட்டு அரிசி வாங்கினோம், பக்குவம் தெரியாம குழைஞ்சு போச்சு, தம்பிங்க பாதிச் சோத்த அப்படியே வச்சுட்டாங்க. காலைல 4 மணிக்கு எந்திரிச்சு சைட்டுக்குப் போற பசங்க, மனசு ரொம்பக் கஷ்டமா போச்சு.

நம்ம சிங்கப்பூருக்கு சாப்பாட்டுல 90 சதவீதத்துக்கு மேல வெளியிலிருந்துதான் வருது. 2022 ஜூன் 1 மலேசியா கோழி ஏற்றுமதிய நிறுத்தினப்பவும் இதே கதைதான், அரசாங்கம் அந்த மாசக் கடைசிக்குள்ளயே இந்தோனேசியாக் கோழிக்கு அனுமதி குடுத்துச்சு. ஆனா கம்பெனிங்க என்ன பண்றோம்? ரெண்டாவது சப்ளையரோட போன் நம்பர எழுதி வச்சா அது ஏற்பாடு ஆகாது, மாசாமாசம் கொஞ்சமாவது அவர்கிட்டயும் வாங்கணும், சமையக்காரங்களுக்கும் அந்த அரிசி கைப்பழக்கம் ஆகணும், விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பரவால்ல.

இன்னொண்ணு, அரிசி எப்படி விளையுதுன்னும் கேக்கணும். அதே 2023ல காவிரித் தண்ணி பத்தாம டெல்டால குறுவை கருகுச்சு, அடுத்த வருஷம் மேட்டூர் அணைய வழக்கமா திறக்குற ஜூன் 12ல திறக்கவே முடியல. அங்க தண்ணி இல்லன்னா இங்க என் டெண்டர் நிக்காது, அவ்ளோதான் விஷயம். காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விட்டு நெல் வெளைக்கிற முறை இருக்கு, வயல்ல எப்பவும் தண்ணிய நிறுத்தி வைக்காம நல்லா காயவிட்டு அப்புறம் பாய்ச்சுறது, இதுல தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சமாகும், பூமிய சூடாக்குற மீத்தேன் வாயு வெளிய போறதும் நல்லா குறையும். ஆனா அந்த விவசாயிக்கு மூட்டைக்கு பத்து காசு கூட்டிக் குடுக்க நாம தயாரா இல்லன்னா அவர் ஏன் மெனக்கெடணும்?

வாங்குறவங்க கேட்டா நடக்கும். 2015ல இந்தோனேசியக் காட்டுத்தீயால வந்த புகைமூட்டத்தப்போ இங்க சூப்பர்மார்க்கெட்டுங்க காட்ட எரிச்சதா சந்தேகப்பட்ட கம்பெனியோட டிஷ்யூ பேப்பர ஷெல்ஃப்ல இருந்தே எடுத்தாங்களே. அரிசிக்கும் அப்படிக் கேக்கலாம், கோயில் அன்னதானத்துக்கு வாங்குறவங்க, கல்யாண சமையல் எடுக்குறவங்க, டார்மிட்டரி டெண்டர் விடுறவங்க எல்லாரும் ரேட் எழுதுற இடத்துக்குப் பக்கத்துல எந்த ஊர் நெல்லு, என்ன பாசனம்னு ரெண்டு கட்டம் சேத்தாப் போதும். எங்க காண்ட்ராக்ட் அடுத்த மாசம் புதுசாகுது, அந்த ரெண்டு கட்டத்தையும் போட்டு முதலாளி மேசைல வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
கேட்டரிங் ஊழியர், உட்லண்ட்ஸ்