பன்றிச் சினைப்பை ஆய்வுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அதன் நன்றியுரைப் பக்கத்தில் வழிகாட்டியும் துறைத் தலைவரும் இருக்கிறார்கள். அங்கே வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

குவாஹாட்டியில் நான் பார்த்த வேலை இதுதான்: பன்றியின் சினைமுட்டையைச் சுற்றியுள்ள செல்களில் இ.ஜி.எஃப். என்கிற வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பிகள் (அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) எப்போது கூடுகின்றன, எந்த ஹார்மோன் கூட்டுகிறது? மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் இந்த ஏற்பிகளைப் பெருக்கிவிடுகிறது. அப்புறம் அதே சுரப்பியின் எல்.எச். என்ற ஹார்மோன் ஒரேயடியாக ஏறும்போது, பாலிக்கிளின் (முட்டை வளரும் நீர்ப்பையின்) சுவர்ச் செல்கள் ஆம்பிரெகுலின், எபிரெகுலின் என்று இ.ஜி.எஃப். குடும்பத்துப் புரதங்களைச் சுரக்கின்றன. ஏற்பிகள் தயாராக இருந்தால்தான் அவை முட்டையைச் சூழ்ந்த செல்களில் வேலை செய்யும், முட்டையும் முதிரும். பன்றியின் பருவச் சுழற்சி சுமார் 21 நாள். கையில் இருக்கும் சினைப்பை எந்த நாளுக்கு உரியது என்று தெரியாமல் ஏற்பியை அளந்து என்ன பயன்?

அந்த நாளைச் சொன்னவர்கள் பன்றி வளர்க்கும் அக்காமார். 2020-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமுக்குள் வந்த பிறகு, வெளியாட்களைக் கொட்டில் பக்கம் விட யாருக்கும் மனம் வராது. மருந்தே இல்லாத நோய். அவர்கள் பயந்தது முழுக்க நியாயம். உள்ளே விடாவிட்டாலும் எங்களைக் கைவிடவில்லை. முதுகை அழுத்தியதும் பன்றி அசையாமல் நின்றால் பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்; அந்த நாளைக் கொட்டில் சுவரில் கரியால் குறித்து, படமெடுத்து அனுப்பினார்கள். விற்கும்போது காது எண்ணையும் சேர்த்துச் சொன்னார்கள். அக்கா, என் அட்டவணைகளில் தேதி என்று இருப்பதெல்லாம் உங்கள் சுவரில் இருந்தவைதான்.

அறுப்புக்கூடத்து தாதாவுக்கு (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எப்படி நன்றி சொல்வது? சினைப்பை ஆறிவிட்டால் முட்டை கெட்டுவிடும். குவாஹாட்டியின் ஜனவரி விடியலில் அது ஆற அதிக நேரம் ஆகாது. அவசர வேலைக்கு நடுவே, சூடு இருக்கும்போதே வெட்டியெடுத்து, காது எண் மாறாமல், வெதுவெதுப்பான உப்புநீர் ஃபிளாஸ்க்கில் அவரே போட்டு மூடுவார். அதற்காக ஒரு டீ கூட வாங்கிக்கொண்டதில்லை.

ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கும் பெரிய நன்றி. 18 கேஜ் ஊசியால் உறிஞ்சியெடுத்த முட்டை முதிர 44 மணி நேரம் இன்குபேட்டரில் இருக்க வேண்டும். நடுராத்திரி கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓடவிட்டு, வெப்பநிலை பழையபடி ஏறும் வரை பக்கத்திலேயே நிற்பார். இ.ஜி.எஃப். சேர்த்த தட்டை முதன்முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது உடன் இருந்தவரும் அவர்தான். முந்தைய நாள் முட்டையை இறுக்கிப் பிடித்திருந்த செல்கள், பசைபோல இளகி அகலமாக விரிந்திருந்தன. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆன்டிபாடி தீர்ந்த சமயத்தில் தங்கள் குப்பியிலிருந்து பகிர்ந்து தந்த பக்கத்து ஆய்வகத் தோழிகளுக்கும், அசாமியச் சாப்பாட்டுக்கு நான் பழகும் வரை ரசம் வைத்துக் கொடுத்த விடுதித் தோழிக்கும் என் அன்பு.

முடிவுகளை அசாமிய மொழியில் இரண்டு பக்கமாக எழுதித் தர ஒரு தோழி ஒத்துக்கொண்டிருக்கிறார். அச்சானதும் அக்காமார் வீடுகளுக்கும் தாதாவுக்கும் நானே கொண்டுவந்து தருகிறேன். கொட்டில் பக்கம் வரமாட்டேன், வாசலிலேயே நிற்கிறேன்.