குடித்த கப்பை எங்கே போடுவது? பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். மதுரை செல்லூரிலிருந்து எழுதுகிறேன். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். 2014ல் முதல் தடவை போனேன், போன வருஷம் மறுபடியும் போய் ஒரு மாதம் இருந்தேன். இடையில் அந்த ஊரில் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. பார்த்த நாளிலிருந்து அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட் இருக்கிறது. கீழ்த்தளத்தில் உணவங்காடி, வரிசையாகக் கடைகள், எல்லோருக்கும் பொதுவான மேசைகள். முதல் தடவை போனபோது சாப்பிட்டவர்கள் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். வயதானவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எடுத்துத் துடைப்பார்கள். நானும் அப்படித்தான் எழுந்து வந்தேன்.

இந்தத் தடவை பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தேன். எதிரே யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த பையன், மேசையில் சிந்திய நாலு பருக்கையை டிஷ்யூவால் கூட்டித் தன் தட்டில் போட்டான். அப்புறம் என் தட்டைப் பார்த்து, "அங்கிள், அதையும் வைச்சிடவா?" என்று தமிழிலேயே கேட்டான். "வேண்டாம்ப்பா" என்று நானே எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். பத்தடியில் தட்டு வைக்கும் அடுக்கு. ஹலால் தட்டுகளுக்குத் தனி, மற்றவைக்குத் தனி.

2021 செப்டம்பர் 1 முதல் அங்கே உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, திரும்பவும் செய்தால் அபராதம். அபராதத்துக்குப் பயந்துதான் என்றார் மருமகன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த அடுக்குகள் வெளியே போகிற வழியிலேயே நிற்கின்றன. எழுந்தால் கண்ணில் படும். ஒரு மாதமும் என் மனதில் நின்றது அதுதான்.

நம் ஊர் மெஸ்களில் சாப்பிட்ட இலையை மடக்கி நாமே கொண்டுபோய்த் தொட்டியில் போடுகிறோமே, யார் அபராதம் போட்டார்கள்? கை கழுவப் போகிற வழியில் தொட்டி இருக்கிறது, போடுகிறோம். அதே ஆள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் புளியோதரைத் தட்டைக் காலடியில் போடுகிறான். அந்த நெரிசலில் வேறு எங்கே போடுவான்?

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கோரிப்பாளையம் வழியாக நடந்து வந்தேன். ரோடெல்லாம் பேப்பர் கப், கொட்டிய மோர். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மா அதில் வழுக்கி முழங்கால் ஊன்றி விழுந்தார். பிள்ளையை மட்டும் விடவில்லை. கொஞ்சம் தள்ளித் தூய்மைப் பணியாளர்கள், ஈரத்தில் ஒட்டிக்கிடந்த கப்புகள் விளக்குமாறுக்கு வராமல் குனிந்து குனிந்து கையால் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயிலில் நின்று ஊற்றுகிற உங்கள் கையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எத்தனை சித்திரைக்கு என் தாகத்தை நீங்கள் தீர்த்திருக்கிறீர்கள்! கேட்பது இவ்வளவுதான்: பந்தலுக்கு இரண்டு டிரம் வையுங்கள். பந்தல் வாசலில் வைத்தால் பயனில்லை, மோரை வாங்கியவர் குடித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். கூட்டம் போகிற திசையில், குடித்து முடிக்கிற தூரத்தில், இருபது முப்பது அடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு பையன் நின்று "இதுல போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். நிரம்பினால் சாக்கை மாற்றவும் ஆள் வேண்டுமே.

இன்னொன்று. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. புளியோதரைக்குத் தொன்னை போதும். மோருக்கு எவர்சில்வர் டம்ளர் வைத்தால் நம் சனங்கள் அண்ணாந்து குடித்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுப்பார்கள்.

எங்கள் தெருப் பந்தலில் இந்தச் சித்திரைக்கு டிரம் பக்கத்தில் நிற்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். வீட்டில் பழைய டிரம் இன்னும் இரண்டு கழுவிக் காயவைத்திருக்கிறேன், செல்லூர் பக்கம் பந்தல் போடுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
செல்லூர்வாசி ஒருவர்