பழைய யானைத் தந்த நகையை விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய நகைகளைப் பற்றி வந்த கட்டுரையில், நூறு வருடம் தாண்டிய தந்த நகையை விற்கத் தடையில்லை என்று ஒரு வரி இருந்தது. நம் நாட்டில் அது தவறு. அதை நம்பி யாராவது வளையலைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போனால் வம்பில் மாட்டிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்தில் இது ஏட்டளவிலான சங்கதி அல்ல. செங்கோட்டையும் குமரி மாவட்டமும் 1956 அக்டோபர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவை. திருவனந்தபுரமோ தந்தச் செதுக்குக்குப் பேர்போனது. 1851 லண்டன் கண்காட்சிக்கே திருவிதாங்கூரிலிருந்து தந்தச் சிம்மாசனம் போயிருக்கிறது. பழைய வீட்டுப் பெட்டிகளைத் திறந்தால் தங்கப் பூண் கட்டிய வளையல், மணிமாலை, குங்குமச் சிமிழ், தாயக்கட்டை என்று ஏதாவது ஒன்று கிடக்கும்.

நூறு வருடக் கணக்கு அமெரிக்கச் சட்டத்தில் உள்ளது. பிரிட்டனில் 2022 ஜூனில் அமலுக்கு வந்த சட்டமும், 1947-க்கு முந்தையதாகவும் தந்தம் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால், பதிவு செய்துகொண்டு விற்க விடுகிறது. இங்கே அப்படி இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது. ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லித் தப்பித்தவர்களுக்கு 1991 திருத்தம் அந்தக் கதவையும் அடைத்தது. பொருளின் வயதுக்காக எந்தச் சலுகையும் கிடையாது. அரசு கொடுத்த உரிமைச் சான்றிதழ் கையில் இருந்தாலும், அது வைத்துக்கொள்ளத்தானே தவிர விற்க அல்ல. 43-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. விற்பனைக்கு முன்வைப்பதும் அதில் அடக்கம் என்பதால், வாட்ஸ்அப்பில் படம் போட்டு ‘விலை கேட்கவும்’ என்று எழுதினாலே போதும், சிக்கல்தான். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். முறையாக வந்த பொருள் என்று நிரூபிக்கும் பொறுப்பும் வைத்திருப்பவர் தலையில்தான் விழும். அடகு பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்கிப் பெட்டகத்தில் வைத்த நிமிஷத்திலிருந்து பொருள் அவர்கள் வசம்.

சரி, கையில் இருப்பது தந்தம்தானா? பாதிக் குழப்பம் இங்கேதான். ஊசியைச் சூடாக்கி நகையில் வைத்துப் பார்க்கும்படி தங்கள் கட்டுரை சொன்ன ஊசிச் சோதனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பழைய ‘தந்த’ நகைகளில் செல்லுலாய்டு என்ற அந்தக் கால பிளாஸ்டிக்கும் உண்டு, அது குபீரென்று தீப்பிடிக்கும் சரக்கு. தந்தமாக இருந்தாலும் எலும்பாக இருந்தாலும் கருகின நாற்றம் ஒன்றுபோலத்தான் வரும். கறுத்த புள்ளி மட்டும் நிரந்தரமாக நின்றுவிடும்.

வேண்டியது ஆசாரிகளிடம் இருக்கும் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), பக்கவாட்டில் அடிக்கும் ஒரு சிறு விளக்கு. வளையலின் முகப்பைப் பார்த்துப் பயனில்லை, விளிம்பைப் பாருங்கள். தந்தத்தைக் குறுக்கே அறுத்து வளையம் எடுப்பதால் தட்டையான விளிம்புதான் குறுக்குவெட்டு. அங்கே இரண்டு திசையிலிருந்து வளைந்து வரும் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, கோலத்தின் பின்னல்போல் சாய்சதுரங்கள் போட்டிருக்கும். ஷ்ரேகர் கோடுகள் என்று இதற்குப் பெயர். யானைக் குடும்பத்துத் தந்தத்தில் மட்டுமே இப்படி வரும். வளையலின் வெளிப்பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் லேசான அலைக் கோடுகள்தான் தெரியும், அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மணி என்றால் உருட்டிப் பாருங்கள்: எதிரெதிரான இரு முனைகளில் பின்னல், நடுவில் நீளக் கோடு என்று மாறும்.

எலும்பில் இந்தப் பின்னல் இருக்காது. ரத்தக் குழாய் ஓடிய துளைகள் குறுக்குவெட்டில் புள்ளியாகவும் நீளவாட்டில் சிறு கீறலாகவும் தெரியும். அழுக்கு ஏறிக் கறுத்திருந்தால் இன்னும் எளிது. செல்லுலாய்டில் தந்தம் மாதிரி கோடு போட்டிருப்பார்கள். ஆனால் அது இரும்புச் சீப்பால் இழுத்ததுபோல் ஒரே இடைவெளியில், ஒரே நேராகப் போகும். சுற்றித் திருப்பினாலும் குறுக்குவெட்டுப் பின்னல் எங்கும் வராது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் ஒட்டுத் தழும்பு உள்பக்கம் அகப்படும். தாகுவா என்ற தென்னமெரிக்கப் பனைக் கொட்டையையும் மணியாகக் கடைவார்கள்; கொட்டையே சிறிது என்பதால் வளையல் அளவுக்கு அதில் ஒரே துண்டு எடுக்க முடியாது.

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு கடைக்குக் கடை இருக்கிறது. இருட்டில் அதன் கீழே தந்தம் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். எலும்பும் அப்படியே ஒளிரும் என்பதால் இரண்டையும் பிரிக்க அது உதவாது. பிளாஸ்டிக்கைத் தள்ளிவைக்க உதவும், அவ்வளவே. எடைச் சோதனை இதைவிட மேல்: காற்றில் ஓர் எடை, நூலில் கட்டி நீரில் முக்கி ஓர் எடை. முதல் எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தந்தம் 1.7 முதல் 1.9 வரை, எலும்பு 2-ஐ ஒட்டி, செல்லுலாய்டு 1.4-ஐ ஒட்டி, சங்கு 2.7-க்கு மேல். தங்கப் பூணோ கல்லோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நீரில் சில நொடிக்கு மேல் விடவும் கூடாது. தந்தம் ஈரம் குடித்து, உலரும்போது வெடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. பதக்கத்தில் பதித்த மெல்லிய சில்லு நீளவாட்டில் சீவியதாக இருக்கலாம், அப்போது பின்னல் தெரியவே தெரியாது. பின்னல் இல்லை, ஆகவே தந்தம் இல்லை என்று யாரும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. அந்த இடத்தில் ஆய்வகம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டேராடூன் வன உயிரின நிறுவனமும் ஹைதராபாதில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையமும் மரபணுச் சோதனை செய்கின்றன.

‘இது மாமூத் தந்தம், சட்டத்தில் வராது’ என்று ஆன்லைனில் கூவுகிறார்கள். மாமூத் என்பது அழிந்துபோன பழங்கால யானை இனம். வெளி ஓரத்துப் பின்னலின் கோணம் மாமூத்தில் 90 பாகைக்குக் கீழும் யானையில் 115-க்கு மேலும் இருக்கும் என்பது உண்மை. இடைப்பட்ட கோணம் வந்தால் எதுவும் சொல்ல முடியாது. உள்பக்கத்துக் கோடுகளை அளந்தால் யானையிலும் கோணம் குறுகியே வரும். இருந்தாலும் இந்த ஆராய்ச்சியால் விற்பவருக்கு லாபமில்லை: இறக்குமதித் தந்தத்துக்கான தடை மாமூத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது.

வீட்டில் இருப்பதை என்ன செய்வது? பெரியவர் காலமாகி வாரிசாக வந்தால், 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். எடை, அளவு, நாலு பக்கமும் எடுத்த படம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமைச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து மாவட்ட வன அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். கேரளத்துப் புனலூரில் கட்டிக்கொடுத்த மகள் ஆரியங்காவு வழியாக மாநில எல்லை தாண்டி எடுத்துப் போவதாக இருந்தால் முதலிலேயே வனத்துறை அனுமதி எழுத்தில் வாங்க வேண்டும். கொண்டுபோன 30 நாளுக்குள் தகவலும் கொடுக்க வேண்டும். பெரியவரிடமே சான்றிதழ் இல்லை என்றால் நிலைமை கடினம். சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதை அறிவிக்க 2003 ஏப்ரலில் கொடுத்த 180 நாள் அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது, வக்கீலைப் பார்த்துவிட்டு வனத்துறைக்குப் போவதே நல்லது. சான்றிதழ் உள்ளவர் வேண்டாம் என்று நினைத்தால் 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைக்கலாம். 2022 திருத்தம் கொடுத்த வழி அது, இழப்பீடு கிடையாது. பூணில் உள்ள தங்கத்துக்காகப் பட்டறையில் ஊதுகுழல் வைத்துப் பிரிக்கச் சொல்லாதீர்கள். சான்றிதழில் உள்ள எடையும் வர்ணனையும் பொருந்தாமல் போனால் இருக்கிற காகிதமும் வீண்.

யானை முடி மோதிரத்துக்கும் புலி நகப் பதக்கத்துக்கும் இதே சட்டம்தான். திருவிழாக் கடைகளில் இரண்டும் தாராளமாகக் கிடைப்பதால் யாரும் யோசிப்பதில்லை.

அந்த ஒரு வரிக்கும் ஊசிச் சோதனைக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய நகை மதிப்பீட்டாளர்,
செங்கோட்டை.