கடைசிப் பத்தி எழுதியவருடையது: மலர்க்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தீபாவளி மலர்க்குழுவினருக்கு,

வணக்கம். எந்தக் கதையைப் பற்றி எழுதுகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும்: எழுதியவரைக் கேட்காமல் வெட்டி மாற்றித் தங்கள் மலரில் போட்ட அந்தப் பேய்க்கதைதான். கண்மாயில் மூழ்கிப்போன பையன், பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, தண்ணீரோடு பேரம் பேசும் தாய். எழுதியவர் தன் மூலப்பிரதியையும் வெளியிட்டுவிட்டதால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடிந்தது. படித்தவர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். நான் முடிந்தவரை நிதானமாகச் சொல்கிறேன்.

மூலத்தில் பேரம் இதுதான். தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பையன் வீட்டுக்கு வருவான். வருகிற ஒவ்வொரு நாளுக்கும் அவனைப் பற்றிய ஒரு நினைவைத் தாய் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் அவன் தலை எண்ணெயின் வாசனை போகிறது. இரண்டாம் நாள், தடுப்பூசித் தழும்பு எந்தக் கையில் இருந்தது என்பது போகிறது. மூன்றாம் நாள் படையலில் வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை யாருக்காக வாங்கினோம் என்று நிற்கிறாள். இப்படியே போய்க் கடைசியில், வாசலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, “யாருப்பா நீ, யார் வேணும்?” என்கிறாள். அதோடு கதை முடிகிறது.

மலரில் என்ன ஆயிற்று? பிராண்டு பெயர் வந்தால் விளம்பரமாகிவிடும் என்று பிஸ்கட் பாக்கெட்டையே தூக்கிவிட்டு ‘தேங்காய், பழம்’ என்று போட்டீர்கள். பெயரை மட்டும் அடித்திருந்தால் போதும். செத்தவருக்குப் பிடித்ததை வாங்கி வைப்பதுதானே படையல்? தேங்காயும் பழமும் எல்லா வீட்டு இலையிலும் இருக்கும். அதைப் பார்த்து ஒரு தாய் எதை மறந்தாள் என்று காட்டவே முடியாது. பாக்கெட் போனதும் மூன்றாம் நாளுக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. அதையும் வெட்டினீர்கள். இப்போது கதை தழும்பிலிருந்து நேராக மகன் பெயரையே மறக்கும் இடத்துக்குத் தாவுகிறது.

இந்த வகைக் கதையில் விலை படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதலில் கேட்கப்படுவது, ‘போனால் போகிறது, பிள்ளை வந்தால் சரி’ என்று அவள் உடனே கொடுத்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாம் நாளில்தான் வாசகர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்: இன்னும் என்னென்ன மிச்சம், எத்தனை நாளைக்குத் தாங்கும்? பயம் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது; பையன் தண்ணீர் சொட்டச் சொட்ட வருவதால் அல்ல. அந்த நாளை வெட்டிவிட்டால் கடைசி வரி வெறும் அதிர்ச்சி வைத்தியம்.

அந்தக் கடைசி வரியையாவது விட்டுவைத்தீர்களா? அதற்குப் பதில் ஒரு டாக்டர் வருகிறார். அதிர்ச்சியில் வந்த மனப்பிரமை என்கிறார். மாத்திரை கொடுக்கிறார். காலையில் எழுந்து அவள் மகன் பெயரில் வேப்பங்கன்று நடுகிறாள். மூலத்தில் டாக்டரும் கிடையாது, கன்றும் கிடையாது. எல்லாமே பிரமை என்றால் அவள் கொடுத்தது எதுவும் கொடுத்ததாகாது. நினைவெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கதையை, எதையுமே இழக்காத ஒருத்தியின் கதையாக நான்கே வரியில் மாற்றிவிட்டீர்கள்.

எழுதியவரைக் கேட்காமல் கடைசிப் பத்தியில் கை வைக்காதீர்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

‘பேய்க்கதைக்கு ஒரு விளக்கம் வேண்டாமா?’ என்று தங்கள் தரப்பில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். சாத்தனார் எழுதிய மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் புரட்டிப் பாருங்கள். புகார் நகரத்துச் சுடுகாட்டில் பேயைக் கண்டு மிரண்ட சார்ங்கலன் என்பவன், தாய் கோதமையிடம் ஓடிவந்து விழுந்து சாகிறான். மகனைத் தூக்கிக்கொண்டு போய்க் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். பேய் உயிரைக் குடிக்காது, அவன் போனது வினையால்தான் என்று தெய்வமே விளக்கம் சொல்கிறது. தங்கள் டாக்டர் சொன்னதைவிடப் பெரிய விளக்கம். கோதமைக்கு அது போதவில்லை. என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைக் கொடு என்கிறாள். மற்றத் தெய்வங்களை எல்லாம் வரவழைத்தும் முடியாது என்றே பதில் வருகிறது. மகனைச் சிதையில் ஏற்றிவிட்டு அவளும் உயிரை விடுகிறாள். விளக்கம் வந்த இடத்தில் சாத்தனார் கதையை முடிக்கவில்லை. நல்லவேளை, அவர் தங்கள் மலருக்கு அனுப்பவில்லை. கோதமை வேப்பங்கன்று நட்டிருப்பாள்.

படத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, பௌர்ணமி நிலா, ரத்தம் வழியும் எழுத்தில் தலைப்பு. கதையில் பெண் பேயே இல்லை ஐயா. அந்தத் தாய் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ரேஷன் கார்டில் மகன் பெயரை நீக்க வரிசையில் நிற்பவள். ஓவியரிடம் கதையைக் கொடுத்தீர்களா, ‘திகில்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்தீர்களா? இடமில்லாமல்தான் வெட்டினோம் என்கிறீர்கள். எதிர்ப்பக்கத்து நகைக்கடை விளம்பரம் மட்டும் ஒரு வரி குறையாமல் வந்திருக்கிறது.

பண்டிகை நேரத்தில் பிள்ளை செத்த கதை வேண்டாம் என்று நினைத்திருந்தால் அது நியாயமான கவலை. அப்படியானால் கதையைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், வேறு இதழுக்குத் தள்ளி வைத்திருக்கலாம். ஒற்றுப்பிழை திருத்துங்கள், நீளம் குறைக்கச் சொல்லுங்கள். அதெல்லாம் தங்கள் உரிமை.

போகட்டும். பணிவுடன் கேட்பது: மின்னிதழில் மூலப்பிரதியை அப்படியே ஏற்றுங்கள். மூன்றாம் நாளும் கடைசிப் பத்தியும் வெட்டப்பட்டதையும், டாக்டர் வரும் பகுதி எழுதியவருடையது அல்ல என்பதையும் அடுத்த இதழில் ஒரு சிறு கட்டத்தில் தெரிவியுங்கள். இனிமேல் பக்கம் அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பை (ப்ரூஃப்) எழுதியவருக்கு வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். அவர் சம்மதிக்காத முடிவை அவர் பெயரில் போடாதீர்கள். கடைசிப் பத்தியில் கை வைக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு வையுங்கள்.

தங்கள் பதிலை அடுத்த இதழிலேயே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்