ஐஸ் உடைக்கும் அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும்

மின்சாரம் இல்லாத அந்த மூன்று நாளும் எங்கள் ஆய்வுகூடத்தில் எப்படிப் போயின என்று எல்லாருக்கும் தெரியும். நெல்லில் எரிபந்த நோயைத் தரும் பங்கசின் மாதிரிகள் ஆறும் தப்பிவிட்டன. அதற்குத்தான் இந்த மடல்.

திருகோணமலை மீன் சந்தைப் பக்கம் வாடியில் ஐஸ் உடைக்கும் அண்ணா, உங்களிடம் கேட்டது ஒரு பெட்டி ஐஸ். நீங்களோ கட்டியை மாவாக உடைத்து, இரண்டு ரெஜிபோம் பெட்டியில் நிரப்பி, "வெறும் ஐஸுக்குள்ள மீன் கெதியாக் குளிராது, தண்ணி விடுங்கோ" என்றும் சொல்லித் தந்தீர்கள்.

எங்கள் மாதிரிக் குழாய்க்கும் அதே கணக்குத்தான். பங்கசு இழையை 1 சதவீதப் போமல்டிஹைட்டில் 10 நிமிடம் வைத்து, கிளைசீன் இட்டு நிறுத்தினால், டிஎன்ஏ, தான் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தோடு ஒட்டி நிற்கும். பிறகு மீயொலியால் 200 முதல் 500 மூலச்சோடி (டிஎன்ஏ நீளத்தின் அலகு) கொண்ட துண்டுகளாக நறுக்க வேண்டும்: 30 செக்கன் அதிர்வு, 30 செக்கன் ஓய்வு. ஒவ்வோர் அதிர்வுக்கும் சூடு ஏறும். ஒட்டைப் பிரிக்கக் கடைசியில் 65 பாகையில் ஓர் இரவு வைப்போம். அந்த வேலை நறுக்கும்போதே தொடங்கிவிடக் கூடாது. வேண்டிய ஹிஸ்டோனைத் தேடிப் பிடிக்க நாங்கள் இடும் பிறபொருளெதிரி பற்றும் இடமும் சூட்டில் குலையும். பெரிய ஐஸ் கட்டி குழாயை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்று. தண்ணீர் விட்ட ஐஸ் மா சுற்றிவர ஒட்டும். உப்பு மட்டும் போடவில்லை அண்ணா. குழாய் ஓரம் உறைந்தால் அதிர்வு ஒழுங்காக உள்ளே போகாது.

துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஆறும் ஒரே உயரத்தில் புகைபோலப் படிந்தன. போமல்டிஹைட் கூடியிருந்தால் மேலே, மாதிரி இடும் குழியடியிலேயே தேங்கியிருக்கும்.

இனி ஹிஸ்டோன் எச்3 இன் 27ஆம் அமினோ அமிலமான லைசினில் மூன்று மெதயில் (சிறு இரசாயனக் குறி) ஏறிய இடங்களைப் பிடிக்கலாம். நெல்லைத் தாக்கும் புரதங்களுக்கான பரம்பரையலகுகள் பல, பங்கசு தட்டில் வளரும்போது அந்த மெதயில் பூட்டுக்குள் கிடக்கும். இலைக்குள் நுழைந்தால் திறக்கும். இந்தப் பங்கசுக்கு 7 நிறமூர்த்தங்களோடு, சில வகைகளில் மேலதிகக் குட்டி நிறமூர்த்தங்களும் உண்டு. எங்கள் வகைகளில் எது எங்கே பூட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

டீசல் கொண்டுவந்த ஓட்டோத் தம்பிமார், திரவ நைதரசன் பகிர்ந்தவர்கள், இரவில் கதவு திறந்துவிட்ட காவலாளி ஐயா, மூதூரிலும் கந்தளாயிலும் இலை பறித்துத் தந்த வயல்காரர், எல்லாருக்கும் நன்றி. அந்தப் பூட்டுகளின் வரைபடம் முடிந்ததும் முதலில் அந்த வரம்புகளுக்குத்தான் வருவோம், தமிழில் விளக்கத்தோடு.

அண்ணா, பெட்டி இரண்டும் கழுவிக் காய்கின்றன. மீன் வாடை மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறோம்.