ஜப்பானின் அரிசிக் கொள்கையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சனே தகாய்ச்சி ஜப்பானின் முதல் பெண் பிரதமரான செய்தியை நம் பத்திரிகைகள் நன்றாகவே எழுதின. 2024 அக்டோபரில் ஆளும் கூட்டணி கீழவையில் பெரும்பான்மையை இழந்தது, 2025 ஜூலையில் மேலவையிலும் இழந்தது, பிரதமர் இஷிபா விலகினார், ஆளும் கட்சியுடன் 26 ஆண்டுகள் கூடவே இருந்த கொமெய்டோ கட்சி பிரிந்தது, இஷின் கட்சி கைகொடுத்தது, அக்டோபர் 21-ல் தகாய்ச்சி பதவியேற்றார். யார் போனார், யார் வந்தார் என்பதெல்லாம் சரி. அந்த நாட்களில் ஜப்பானியக் குடும்பங்கள் எதை எண்ணிக் கவலைப்பட்டன என்பதுதான் விட்டுப்போயிற்று. அரிசி விலைதான் அது.

2024 தொடக்கத்தில் 2,000 யென்னை ஒட்டி விற்ற 5 கிலோ பை, 2025 மே மாதத்தில் 4,200 யென்னைத் தாண்டியது. 2023 கோடையின் கடும் வெயிலில் நெல்லின் தரம் கெட்டது ஒரு காரணம். 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை வந்ததும் மக்கள் வாங்கிக் குவித்தது இன்னொன்று. ஆனால் இதன் வேர் அரை நூற்றாண்டு பழையது. 1962-ல் ஒரு ஜப்பானியர் ஆண்டுக்குச் சுமார் 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று அதில் பாதிகூட இல்லை. தேவை குறையக் குறைய, விலை விழுந்து விவசாயியின் ஓட்டு போய்விடக் கூடாது என்று, நெல் போடாமல் இருக்க அரசே பணம் கொடுத்தது. 1970 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு இது. எவ்வளவு நெல் விளைவிக்கலாம் என்று அரசு பிரித்துக் கொடுத்த சாகுபடி ஒதுக்கீடு 2018-ல் நின்றது. ஆனால் தீவன நெல்லுக்கும் கோதுமைக்கும் சோயாவுக்கும் மாறுவோருக்கான மானியம் நிற்கவில்லை. விளைச்சலைத் தேவையை ஒட்டி இழுத்துப் பிடித்தே வைத்திருந்தால், ஒரு வருடம் வெயில் கொஞ்சம் கூடினாலும் பற்றாக்குறை வராமல் என்ன செய்யும்?

2025 மே மாதத்தில், தான் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொண்டுவந்து தருவதே வீட்டில் ஏராளமாகக் கிடக்கிறது என்று ஒரு கூட்டத்தில் பேசினார் வேளாண் அமைச்சர் தகு எதோ. சில நாட்களிலேயே பதவி போயிற்று. அவர் இடத்துக்கு வந்தவர் ஷின்ஜிரோ கொய்சுமி. அரசின் கையிருப்பு அரிசியை அதற்கு முன்பே மார்ச்சில் ஏலம் விட்டிருந்தார்கள். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விவசாயக் கூட்டுறவு அமைப்பே எடுத்தது. உமி நீக்கிய பழுப்பரிசியாக இருந்ததைத் தீட்டி, பையில் அடைத்து, லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோக வாரக்கணக்கில் இழுத்தது. கொய்சுமி ஏலத்தை நிறுத்திவிட்டு நேரடியாகச் சில்லறைக் கடைகளுக்கே கொடுத்தார். மே மாதம் முடிவதற்குள் 5 கிலோ 2,000 யென்னை ஒட்டிய விலையில் விற்பனைக்கு வந்தது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இந்தக் கையிருப்புக்கு நம் ரேஷன் மாதிரி ஒரு விநியோக வழி கிடையாது. ஐந்து வருடம் கிடங்கில் இருந்த பின் வழக்கமாகத் தீவனத்துக்குத்தான் போகும். அவசரத்தில் அதை மக்களிடம் சேர்க்க ஏன் தடுமாறினார்கள் என்பது அப்போதுதான் புரிகிறது.

இதில் என் மனதை மிகவும் தொட்டது 2025 ஆகஸ்டில் நடந்தது. அதுவரை அரிசி போதுமான அளவு விளைந்திருக்கிறது, இடையில் எங்கோ தேங்கி நிற்கிறது என்றே வேளாண் அமைச்சகம் சொல்லிவந்தது. பிறகு, உற்பத்தியே போதவில்லை, தேவையைத் தாங்கள்தான் தப்பாகக் கணித்தோம் என்று ஒப்புக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் சாப்பிடுவதையும், வீடுகளில் அரிசி வாங்குவது கூடியதையும், வெயிலில் விளைந்த நெல்லைத் தீட்டும்போது அரிசி குறைவாகத் தேறுவதையும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லையாம். இனி உற்பத்தியைப் பெருக்குவோம் என்று இஷிபா அறிவித்தார். ஒரு அரசு தன் கணக்கு தப்பு என்று காரணங்களோடு சொன்னது சாதாரண விஷயமில்லை.

அந்த அறிவிப்புக்கு ஆயுசு மூன்று மாதம்கூட இல்லை. தகாய்ச்சியின் வேளாண் அமைச்சர் நோரிகசு சுசுகி, நெல் விளையும் யமகதாவிலிருந்து வந்தவர், தேவைக்கேற்ற உற்பத்தி என்ற பழைய பாதைக்கே திரும்பினார். 2025-ல் சுமார் 74.8 லட்சம் டன் விளைச்சல் எதிர்பார்த்த அமைச்சகம், 2026-க்கு 71.1 லட்சம் டன் போதும் என்றது. இலையுதிர் காலத்தில் விலை மறுபடி 4,000 யென்னைத் தாண்டி நின்ற சமயம் அது! மக்கள் கையில் அரிசிக் கூப்பன் கொடுக்கலாம் என்ற யோசனையும் சேர்ந்து வந்தது. அங்கே விவசாயிகளின் சராசரி வயது எழுபதை நெருங்கிவிட்டது. சாகுபடியைக் கூட்டு, பிறகு குறை என்று அவர்களை அலைக்கழித்தால் பிள்ளைகள் யார் வயலுக்கு வருவார்கள்? இது தவறான முடிவு என்பதே என் உறுதியான எண்ணம். விலை விழுந்தால் விவசாயிக்கு நேரடியாக ஈடு கொடுக்கலாம். விளைச்சலைச் சுருக்கி அந்தச் சுமையைச் சாப்பிடுகிறவர் தலையில் ஏற்றக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். டோக்கியோவில் அமைச்சரவை மாறும்போது மட்டும் எழுதாமல், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஜப்பானிய வேளாண் அமைச்சகம் அடுத்த ஆண்டு நெல் உற்பத்திக்கு என்ன அளவு சொல்கிறது என்பதையும் வெளியிடுங்கள். அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

அன்புடன்,
ஒரு நீண்டநாள் வாசகர்,
திருவாரூர்